மூன்றாம் நாள் இரவு: குடிநோயாளியும் பொதுப்பணமும்

சித்தப்பா வண்டியிலிருந்து விழுந்து வலது கால் எலும்பு முறிந்தது ஒரு திங்கட்கிழமை மாலை. எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், காலை அசையாமல் கட்டினார்கள், வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை என்றார்கள். செவ்வாய்க்கிழமை அவருக்குக் கை நடுங்கியது. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்தோம். புதன்கிழமை நள்ளிரவில் படுக்கை விரிப்பிலிருந்து எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடத் தொடங்கினார். விரிப்பில் எறும்பே இல்லை. கொஞ்ச நேரத்தில், கடைசிப் பஸ் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு, கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு, முறிந்த காலோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். மூன்று பேர் அமுக்கிப் பிடித்துக் கட்டுத்துணியால் கைகளைக் கட்டிலோடு கட்டினோம்.

பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக வந்திருந்தவர் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. விடியற்காலையில் பொறுக்க முடியாமல் சொன்னார்: "குடித்துக் கெட்டவனுக்கெல்லாம் நம் வரிப்பணத்தில் கட்டில் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்." அவர் கெட்டவர் இல்லை. சித்தப்பாவைப் பிடிக்க வந்த மூவரில் அவரும் ஒருவர். அவருடைய தந்தைக்கு இடுப்பு எலும்பு உடைந்து, பத்து நாளாக அறுவை சிகிச்சைக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அதனால்தான் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடாமல் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்: குடிநோயாளிக்கு, போதைக்கு அடிமையானவருக்குப் பொதுப்பணத்தில் வைத்தியம் செய்யலாமா?

முதலில், அன்று இரவு நடந்தது என்ன என்று பார்ப்போம். மது மூளையின் வேகத்தை அடக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அந்த அழுத்தத்தை ஈடுகட்ட எந்நேரமும் முடுக்கத்திலேயே இயங்கிப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றால் அழுத்தம் மட்டும் போகிறது, முடுக்கம் அப்படியே நிற்கிறது. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள், சிலருக்கு, இல்லாதது கண்ணில் தெரியும். நாள், இடம், ஆள் எல்லாம் குழம்பும். இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் ஏறும். வைத்தியம் இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். முறையாகக் கவனித்தால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. டயஸெபாம், லோராஸெபாம், குளோர்டயஸெபாக்ஸைடு போன்ற பழைய, மலிவான மருந்துகளே போதும். அவற்றோடு தயாமின், அதாவது பி1 வைட்டமின். நெடுநாள் குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டு, நடை தடுமாறி, நினைவாற்றல் திரும்பவே திரும்பாமல் போகக்கூடும்.

ஆக, திங்கட்கிழமையே தெரிந்திருந்தால் புதன்கிழமை இரவு வந்திருக்காது. ஏன் தெரியவில்லை? சேர்க்கும்போது "குடிப்பழக்கம் உண்டா" என்று கேட்டதற்குச் சித்தி "எப்போதாவது" என்று சொல்லியிருந்தார். பதினைந்து வருடமாகத் தினமும் என்பதை அந்த நள்ளிரவில், செவிலியர் தனியாக அழைத்துப்போய்க் கேட்ட பிறகுதான் சொன்னார். மறைத்ததற்கு வெட்கம் ஒரு காரணம். இன்னொன்று, சித்தியின் அக்காள் வீட்டில், குடிப்பழக்கம் பற்றி வழக்குத்தாளில் டாக்டர் எழுதிய ஒரே வரியை வைத்துக்கொண்டு தனியார் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்திருந்தது. குடிக்கிறவர் என்று தெரிந்தால் இங்கேயும் கவனிக்க மாட்டார்கள் என்று சித்தி பயந்துவிட்டார்.

பொதுப்பணத்தில் வைத்தியம் கூடாது என்று யாரும் சட்டம் போடத் தேவையில்லை. அப்படி ஒரு பேச்சு காற்றில் இருந்தாலே போதும். மனைவிமார் மறைப்பார்கள், டாக்டருக்குத் தெரியாது, மூன்றாம் நாள் இரவு வந்துவிடும். சித்தப்பாவின் அறுவை சிகிச்சை பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் படுத்திருந்த கட்டில் வேறொருவருக்குக் கிடைக்க வேண்டியது. பக்கத்துக் கட்டில்காரர் காத்துக் கிடந்ததற்கு இப்படிப்பட்ட நாட்களும் ஒரு காரணம் என்பதை அவரிடம் சொல்ல அப்போது எனக்கே தெரியவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு, மக்களின் உடல்நலத்தை மேம்படுத்துவது அரசின் தலையாய கடமைகளில் ஒன்று என்கிறது. அதே பிரிவு, அதே மூச்சில், போதை தரும் மதுவகைகளை விலக்க அரசு முயல வேண்டும் என்றும் சொல்கிறது. ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு தொழிலாளியைக் கல்கத்தாவில் ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிய வழக்கில், உயிர்காக்கும் அவசரச் சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே அது கொண்டுவந்துவிட்டது. அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 18ஆவது பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

இதே சட்டத்தின் 21ஆவது பிரிவு, உடல்நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்த பொதுவான விலக்குகளின் பட்டியலில், பன்னிரண்டாவதாக, மதுப்பழக்கம், போதைப்பொருள் பழக்கம் அல்லது எந்த அடிமைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அவற்றின் விளைவுகளும் இடம்பெற்றுள்ளன. "விளைவுகளும்" என்ற அந்த ஒற்றைச் சொல்லில் கல்லீரல், கணையம், நரம்பு எல்லாமே அடங்கிவிடும். சித்தியின் அக்காள் வீட்டை அடித்தது அந்தச் சொல்தான். தனியார் காப்பீட்டின் வாசல் இப்படி அடைபட்ட பிறகு, பணம் இல்லாத குடும்பத்துக்கு மிஞ்சுவது அரசு மருத்துவமனை ஒன்றே. அதையும் அடைக்கலாமா என்பதுதான் உண்மையில் நம் முன் இருக்கும் கேள்வி.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தாலே டாஸ்மாக் வந்துவிடும். வர வேண்டியதுதான். 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதிலிருந்து, 1971இல் கடை திறந்து, 1974இல் மூடி, 1981இல் மறுபடி திறந்து, 2003இல் சில்லறை விற்பனையையும் அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டது வரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்று அந்த வருவாய் எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள். 2024-25இல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வரி வருவாய் 48,344 கோடி ரூபாய். அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 20,198 கோடி. மாநிலத்தின் அத்தனை அரசு மருத்துவமனைகளுக்கும், மருத்துவக் கல்லூரிகளுக்கும், தடுப்பூசிக்கும், பிரசவத்துக்கும் சேர்த்து ஒதுக்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குடிப்பவர்களிடமிருந்து வந்திருக்கிறது. ஆகவே "நம் வரிப்பணம்" என்று பேசும்போது, அதில் சித்தப்பா கட்டிய வரி கொஞ்சநஞ்சமில்லை.

இருந்தாலும், அவர் வரி கட்டினார், அதனால் அவருக்கு வைத்தியம் என்று வாதாடுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அப்படி வாதாடினால் கள்ளச்சாராயம் குடித்தவருக்கு என்ன பதில் சொல்வது? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். டாஸ்மாக் குவார்ட்டரின் விலைக்கு எட்டாததால் பாக்கெட் சாராயத்துக்குப் போனவர்கள் அவர்களில் பலர். அதற்கு ஒரு பைசா வரி இல்லை. ஆனாலும் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் அவர்களுக்காக இரவு பகலாக வேலை நடந்தது. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்நரம்பை அழிக்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. டயாலிசிஸ் செய்து அதை வெளியேற்ற வேண்டும், மாற்று மருந்து கொடுக்க வேண்டும். வாசலில் நின்று "இவன் ஏன் குடித்தான்" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பார்வை போய்விடும், உயிரும் போய்விடும்.

அந்தச் சம்பவத்தில் சர்ச்சையானது வைத்தியம் அல்ல, இறந்தவர்களின் குடும்பத்துக்கு அறிவித்த பத்து லட்சம் ரூபாய் நிவாரணம். அது வேறு கேள்வி; அதில் இரு பக்கமும் பேச இடம் இருக்கிறது. வைத்தியத்தையும் நிவாரணத்தையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

தானே தேடிக்கொண்டது என்பதுதான் எல்லா வாதங்களுக்கும் அடியில் இருப்பது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும் என்பார்கள். அவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று பழமொழி சொல்லவில்லை. முதல் கிளாஸை யாரும் அவர் வாயில் ஊற்றவில்லை என்பது உண்மை. ஆனால் முதல் கிளாஸ் குடித்த எல்லோரும் குடிநோயாளி ஆவதில்லை. இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்து நடந்த ஆய்வுகள், யாருக்கு இந்த நோய் வரும் என்பதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பிறப்பிலேயே அமைந்தது என்று காட்டுகின்றன. மீதிப் பாதியில் சிறு வயதில் பட்ட அடி, செய்யும் வேலை, கூட்டாளிகள், கைக்கெட்டும் தூரத்தில் கடை என்று எல்லாம் இருக்கிறது. சாக்கடை அள்ளுகிறவர், பிணவறையில் வேலை செய்கிறவர் பலர் குடிக்காமல் அந்த வேலைக்குள் இறங்க முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அந்த வேலையை வைத்துக்கொண்டிருப்பது நாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம். மாத்திரை கொண்டுவருகிற பெண் யாரிடமும் "மூன்று வேளையும் ஏன் சோறு சாப்பிட்டீர்கள்" என்று கேட்பதில்லை. சர்க்கரை நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டு லட்டு சாப்பிட்டு மறுபடி வந்து சேர்ந்தால், திட்டுவார்கள்; சேர்த்துக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். குடிநோயாளி மறுபடி குடித்துவிட்டு வந்தால் மட்டும், இவனுக்குச் செய்தது வீண் என்கிறோம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஓர் ஒப்பீடு இதில் புகழ்பெற்றது. போதை சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பேர் ஓராண்டுக்குள் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளில் ஐம்பது முதல் எழுபது பேருக்கு நோய் மறுபடி முற்றுகிறது. நீடித்த நோய் எதுவும் ஒரு முறை படுக்கையில் போட்டுத் தீருவது இல்லை.

இனி, உண்மையிலேயே கடினமான இடத்துக்கு வருகிறேன். அது கல்லீரல் மாற்று சிகிச்சை. மாத்திரை தீர்ந்தால் வாங்கலாம், கட்டில் போதாவிட்டால் போடலாம். மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து கிடைக்கும் கல்லீரல் அப்படியல்ல. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. உலகின் பல மருத்துவமனைகள் நெடுங்காலமாக ஒரு விதி வைத்திருந்தன: ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் பட்டியலில் பெயர். நியாயமாகத் தோன்றும். ஆனால் மது அழற்சியால் கல்லீரல் திடீரென்று செயலிழந்து, மருந்துக்கும் கட்டுப்படாதவர்களில் பெரும்பாலோர் அந்த ஆறு மாதம் உயிரோடு இருப்பதில்லை. பிரெஞ்சு, பெல்ஜிய மருத்துவர்கள் அப்படிப்பட்ட 26 பேருக்குக் காத்திருக்க வைக்காமல் கல்லீரல் பொருத்தி, 2011இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களில் நூற்றுக்கு 77 பேர் என்ற விகிதத்தில் உயிரோடு இருந்தார்கள். மாற்று சிகிச்சை பெறாத ஒத்த நோயாளிகளில் அது 23தான். அந்த 26 பேரில் பின்னாளில் குடிக்கத் திரும்பியவர்கள் மூவர். மிகக் கண்டிப்பாகத் தேர்ந்தெடுத்தே செய்தார்கள்: குடும்பத்தின் துணை இருக்க வேண்டும், கடுமையான மனநோய் இருக்கக்கூடாது, வாழ்நாள் முழுக்கக் குடிப்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து எல்லோருக்கும் உடனே கல்லீரல் என்று நான் சொல்லவரவில்லை. அரிதான உறுப்பைப் பகிரும்போது, யாருக்கு அது நீடித்துப் பயன்படும் என்று பார்ப்பது நியாயமே. அதைப் புற்றுநோயாளிக்கும் பார்க்கிறார்கள், முதியவருக்கும் பார்க்கிறார்கள். பயன்படுமா என்று பார்ப்பது மருத்துவம். தகுதியானவனா என்று பார்ப்பது தண்டனை. இந்த இரண்டும் ஒரே படிவத்தில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பாலானவை உயிரோடு இருப்பவர் கொடுக்கும் கல்லீரல் துண்டால் நடக்கின்றன. கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். பதினைந்து வருடம் அடியும் பசியும் பட்ட மனைவியே கடைசியில் தன் வயிற்றைக் கிழித்துக் கொடுக்கவும் படுத்திருக்கிறாள். பத்து வருடம் முன்னால் அந்தக் கணவனுக்கு ஒரு வாரக் கட்டிலும் ஒரு வருட மாத்திரையும் கிடைத்திருந்தால் அவள் அங்கே படுத்திருக்க வேண்டியதில்லை. செலவை மிச்சப்படுத்தினோம் என்று நினைத்துக் கைவிடும்போது, அது அவள் தலையில்தான் போய் விழுகிறது.

தொடக்கத்திலேயே கிடைக்கும் அந்த வைத்தியம்தான் நம்மிடம் இல்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய ஆய்வு தேவையில்லை. கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். அது சிலருக்கு உதவுகிறது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரில் எழுதியிருக்கும் எண்ணுக்கு போன் செய்கிறார்கள். இதுதான் ஆபத்து. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்பிராம் போல, மதுவோடு சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் மருந்துகள் உண்டு. நோயாளிக்குத் தெரிந்து, சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியவை அவை. தெரியாமல் கொடுத்து அவர் வழக்கம்போல் குடித்துவிட்டு வந்தால் இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னும் சிலர் கடன் வாங்கித் தனியார் மறுவாழ்வு இல்லங்களில் விடுகிறார்கள். நல்ல இல்லங்கள் உண்டு. உரிமம் இல்லாமல், அறையில் பூட்டி அடிப்பதையே வைத்தியம் என்று நடத்துகிறவர்களும் உண்டு. அரசு விட்டுவைத்த இடத்தில்தான் அவர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

வழி தெரியாத நாடு அல்ல இது. மதுவால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை, மருந்தோடு குடும்பத்துக்கும் ஆலோசனை என்ற முறையை இங்கே வேரூன்றச் செய்தது. கேரளத்தில் கலால் துறையே விமுக்தி என்ற இயக்கத்தை நடத்தி, மாவட்டந்தோறும் மீட்பு மையம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2025இல் "கலங்கரை" என்ற பெயரில் 25 மீட்பு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் திறக்கப்பட்டன. வரவேற்கிறேன். ஆனால் கடைகளின் எண்ணிக்கை நாலாயிரத்தைத் தாண்டும் மாநிலத்தில் 25 என்பது தொடக்கம் மட்டுமே. எலும்பு முறிவு வார்டிலும், அறுவை வார்டிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைக் கேட்கவும் கவனிக்கவும் ஆள் வேண்டும். குடிநோயாளி போதை மீட்பு மையத்தைத் தேடி வருவது அபூர்வம். அவர் வருவது முறிந்த காலோடு, வாந்தியோடு, மஞ்சள் காமாலையோடு. அங்கேயே பிடித்தாக வேண்டும்.

ஊரடங்கு காலம் இதற்கு ஒரு சோதனையாக அமைந்தது. 2020 மார்ச்சில் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது கேரள அரசு, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மது வழங்கலாம் என்று உத்தரவிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நடுக்கத்துக்கு மருந்து இருக்கும்போது மதுவை எழுதித் தர மாட்டோம் என்று டாக்டர்கள் சொன்னது சரி. அந்த மருந்து கிராமத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்ததா என்பதுதான் அப்போதும் இப்போதும் கேள்வி.

சித்தப்பாவை அந்த வியாழக்கிழமை பொது மருத்துவ வார்டுக்கு மாற்றி, ஊசி போட்டு, தயாமின் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னை அடையாளம் கண்டு, கை ஏன் கன்றிப்போயிருக்கிறது என்று கேட்டார். அதன் பிறகு, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் மாதம் ஒரு முறை மனநலப் பிரிவுக்குப் போய்வருவதுமாக நாட்கள் போயின. பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம். இடையில் இரண்டு முறை மறுபடி குடித்தார். ஒரு முறை பதினோரு நாள், இன்னொரு முறை தீபாவளிக்கு. இரண்டு முறையும் சித்திதான் கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டர் திட்டவில்லை, சீட்டில் தேதியை மட்டும் மாற்றி எழுதினார்.

ஒன்றரை வருடம் கழித்துக் காலில் வைத்த கம்பியை எடுக்க அதே மருத்துவமனையில் சேர்த்தோம். சேர்க்கை மேசையில் வேறொரு செவிலியர் இருந்தார். பெயர், வயது, சர்க்கரை, பிரஷர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் சித்தி முன்னால் நகர்ந்து, பத்துப் பேர் நின்ற வரிசையில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "குடிநோய் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியாகக் குடித்து எட்டு மாதம் ஆகிறது. எழுதிக்கொள்ளுங்கள்."